ஹனீபா நானா பறித்த போன்

ஹனீபா நானா மௌத்தாகிவிட்டார்... புத்தளத்தில். காலையில் அவருடைய மகள் மரணச் செய்தியை மெசேஜ் போட்டிருந்தாள்.

அவசரமாக இந்தப் பதிவை எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. சண்டை நின்ற சமாதான காலத்தில், இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து சொந்த ஊருக்குத் திரும்பி, எங்கள் தண்ணீரூற்றில் கொமினிக்கேசன் கடை போட்டவர். கூரைக்கு மேலே பெரிய அன்டெனா, உள்ளே ஒரு போன், இரண்டு கதிரை. அவ்வளவுதான்.

அப்போது அம்மாவுக்குப் புற்றுநோய் முதுகெலும்புவரை பரவியிருந்தது. இனி மாற்ற முடியாது, நோவைக் குறைக்கத்தான் மருந்து என்று மகரகம ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

வவுனியாவில் ஒரு லேடி டொக்டர் அம்மாவைப் பொறுப்பெடுத்தார். வழியில் ஓமந்தை ஆமிச் செக்கிங்கில் இறங்கி ஏறி வர அம்மாவால் முடியாது என்று அவருக்கே தெரியும். "கிழமைக்கு ஒருக்கா நான் உங்கட ஊர்க் கொமினிக்கேசனுக்குப் போன் எடுக்கிறன். அம்மா எப்பிடி இருக்கிறா எண்டு கேட்டு மருந்தைக் கூட்டிக் குறைப்பம்" என்றார்.

அங்கேதான் சிக்கல்.

எங்கள் சனத்துக்குப் போன் என்றால் வெளிநாட்டுப் பிள்ளை. கனடாவிலிருந்து அண்ணா எடுத்தால் அம்மாவிடம் ஒரே பல்லவிதான். "நாங்கள் நல்ல சுகம் ராசா, நீ கவனமா இரு." வீடு பற்றி எரிந்தாலும் அதுதான்.

டொக்டருக்கும் அதே குரல். "ஓம் டொக்டர், நல்ல சுகம். நித்திரையும் வருது." தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்த மனிசி!

"இப்பிடிப் போனில பாக்கிறது உங்களுக்குத் திருப்தியோ அம்மா?" என்று டொக்டர் ஒருமுறை கேட்டார். "நல்ல திருப்தி டொக்டர், நேர பாத்த மாதிரி இருக்கு" என்றார் அம்மா. ரிசீவரை என்னிடம் தரமாட்டார், பக்கத்தில் நின்று வாய் திறந்தால் கண்ணாலேயே எரிப்பார். மருந்தின் அளவு கூடவேயில்லை.

ஹனீபா நானா யாருடைய கதையையும் கேட்கமாட்டார். ஆட்கள் போனில் பேசத் தொடங்கினால் எழும்பி வெளியே போய்விடுவார். "கடைக்கு வாறவையின்ர கதை அமானிதம் பிள்ளை, நம்பி ஒப்படைச்சது" என்பார்.

அன்று அடைமழை. வெளியே போக முடியாமல் வாசலோடு நின்றார். கதிரையில் இருக்க முடியாத அம்மா, மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்து எழும்பி நின்றுகொண்டு, "நல்ல சுகம் டொக்டர்" என்று சிரிக்கிறார்...

நானா வந்து போனைப் பறித்தார்.

"டொக்டர், நான் கடைக்காரன். இவ சொல்லுறது பொய். இருக்க ஏலாம நிண்டுகொண்டு கதைக்கிறா. வேர்த்து ஒழுகுது."

சொல்லி முடிய, லைன் கட்.

அம்மாவுக்கு வந்த கோபம்! "உங்களை ஆர் நானா கேட்டது?"

"என்னை ஏசுங்கோ அக்கா... போன் திரும்ப அடிச்சாக் காணும்."

மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். மழை விடவில்லை. டொக்டருக்கு அவர் சொன்னது கேட்டதோ, கேட்டாலும் நம்புவாரோ...

அடித்தது. "மகளிட்டக் குடுங்கோ" என்றார் டொக்டர்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மருந்தைக் கூட்டினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அம்மா காலை நீட்டி மல்லாந்து படுத்து நித்திரையானார்.

நானாவோடு மட்டும் அம்மா கனநாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் வீட்டில் பனங்காய்ப் பணியாரம் சுட, "அந்த மனுசனுக்கும் கொஞ்சம் குடுத்துவிடு" என்றார்.

அடுத்த மாரிக்கு முன் அம்மா போய்விட்டார். சண்டை திரும்பத் தொடங்க நானாவும் மறுபடி புத்தளம் போனார். நான் லண்டன் வந்தேன்.

சற்று முன் நானாவின் மகளுக்குப் போன் எடுத்தேன். கடைசி நாட்களில் வாப்பாவுக்கு நோ இருந்ததா என்று கேட்டேன்.

"இல்ல அக்கா, நல்ல சுகமாத்தான் போனாங்க... நீங்க அங்க இருந்துகொண்டு கவலப்படாதீங்க."

அவள் கையிலிருந்து போனைப் பறிக்க அங்கே ஒருவரும் இல்லையே நானா.

போயிட்டு வாங்கோ...