பெரிய பாதையில் இரண்டு பேர்

மாலை ஐந்து மணிக்கு ஆய்வகத்தில் ஓர் அழுத்தமானியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு அந்த அழைப்பு வந்தது. பேசியவர் அப்பா குடியிருக்கும் மலை ஊரின் பாதைக் காவலர்.

"மேடம், உங்கப்பாவும் அம்மாவும் காலைல ஏழு மணிக்குப் பெரிய பாதைல ஏறினாங்க. ரெண்டு மணிக்குள்ள இறங்கியிருக்கணும். இன்னும் வரல. அப்பா போன எடுக்கல. மேல பனி மூடியிருக்கு. தேடறதுக்கு ஒன்பது பேர் போயிருக்காங்க."

"அம்மா இல்லையே."

"இல்லன்னா?"

"அவங்க இறந்து பதினாலு மாசம் ஆச்சு."

மறுமுனையில் தாள் புரளும் ஓசை கேட்டது. "நோட்டுல ரெண்டு பேர்னு இருக்கு மேடம். கூட வர்றவங்கன்னு கேட்ட எடத்துல மனைவின்னு போட்டிருக்காரு."

அவள் மானியின் முள் எங்கே நின்றது என்று குறிக்காமலே எழுந்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் காவலர் மறுபடி அழைத்தார். "வீட்டுலதான் இருக்காரு. ஆள் அனுப்பிப் பாத்தோம். கால வெந்நீர்ல வச்சிக்கிட்டு உக்காந்திருக்காராம். தேடப் போனவங்களுக்குச் சொல்லத்தான் வழியில்ல, மேல சிக்னல் கெடையாது. அவங்களா இறங்கணும்."

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வேறொரு பயம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அம்மா போய்விட்டாள் என்பதே அப்பாவுக்கு மறந்துவிட்டதா? மறந்திருந்தால் இனி அவரை அங்கே தனியாக விட முடியாது. மறுநாள் விடிந்ததும் பேருந்து ஏறினாள்.

அப்பா முப்பத்துநான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். லிஃப்ட் குழிக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி. ஒருவர் உள்ளே, ஒருவர் மேலே சுவிட்ச் பக்கத்தில். பதிவேட்டில் 'போனது இரண்டு' என்று எழுதிவிட்டு இறங்க வேண்டும். 'வந்தது இரண்டு' என்று எழுதி மூடாமல் மின்சாரத்தைப் போடக் கூடாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. அம்மாவோடு கடைக்குக் கிளம்பினால் "போறது ரெண்டு பேர்" என்பார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது "வந்தது ரெண்டு பேர்" என்பார்.

"ஒருத்திய வழியில வித்துட்டு வந்துட்டேன்னு ஒருநாளாவது சொல்லுங்க," என்பாள் அம்மா. "மாறுதலா இருக்கும்."

ஓய்வுக்குப் பிறகு மலை ஊருக்குப் போக வேண்டும் என்றது அம்மாதான். ஏரி, படகு, சைக்கிள், பதினோரு நடைபாதைகள் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தாள். "முப்பத்தி நாலு வருஷமா ஊரையே மேல ஏத்திவிட்டீங்க. ஒரு தடவ உங்க கால்ல ஏறுங்க." வீடு பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு ஜோடி நடைச் செருப்பு வாங்கினார்கள். அப்பா ஓய்வு பெற ஐந்து வாரம் இருக்கையில் அம்மா சமையலறையில் சரிந்தாள். அப்பா யார் பேச்சையும் கேட்கவில்லை. இரண்டு ஜோடிச் செருப்பையும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

பேருந்து நிலையத்திலிருந்து அவள் நடந்தே போனாள். ஏரியில் இருவர் அமரும் படகுகள். சாலையில் இருவர் மிதிக்கும் சைக்கிள்கள். பாறை ஏறும் இடத்தில் ஒருவர் ஏற, ஒருவர் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊரையே இரண்டால் வகுபடும்படி அமைத்ததுபோல் இருந்தது.

அப்பா முட்டியில் துணி கட்டியிருந்தார். கதவருகே அம்மாவின் செருப்பு விலைச்சீட்டு கிழிக்கப்படாமல் இருந்தது. அவள் பையை இறக்கக்கூட இல்லை.

"அப்பா, அம்மா எப்ப போனாங்க?"

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "புதன்கிழம. காலைல பத்து இருபது. என்ன, எனக்கு மரை கழண்டுடுச்சான்னு செக் பண்றியா?"

"பின்ன ஏன் ரெண்டுன்னு எழுதினீங்க?"

"அறுபது தாண்டினவங்க பெரிய பாதைல தனியா போகக் கூடாதுன்னு போர்டு இருக்கு. எனக்கு இந்த ஊர்ல யாரத் தெரியும்? பால் போடறவரக் கூப்பிடவா? ஏழு மணிக்கு கேட்ல ஆள் இருக்காது, நோட்டு மட்டும் கயித்துல தொங்கும். உங்கம்மாவச் சாக்கு வச்சு ஒரு பொய். அவ்வளவுதான்."

"எத்தன தடவ?"

"நேத்தோட நாப்பத்தி மூணு. திரும்பறப்பக் காவலர் சாப்பிடப் போயிருப்பாரு, ரெண்டுன்னு போட்டு மூடிடுவேன்."

"நேத்து ஏன் மூடல?"

அப்பா முட்டித் துணியை அவிழ்த்து மறுபடி கட்டினார். "கால் புடிச்சிக்கிச்சு. மேலேர்ந்து ரோப் கார்ல இறங்கலாம்னு போனேன். டிக்கெட் கிழிக்கறவர் ஒருத்தர்தானான்னு கேட்டார். ஒருத்தர்தான்னு சொன்னேன்." துணியின் முடிச்சை இறுக்கினார். "அத வாயால சொன்னது அதான் மொத தடவ. அப்புறம் நோட்டு ஞாபகமே வரல. போன் பைக்குள்ள கெடந்துருக்கு."

அவள் பையை இறக்கி வைத்தாள்.

"ரெண்டுன்னு எழுதினதுக்கு வெக்கப்படல. முப்பத்தி நாலு வருஷத்துல ஒரு நோட்டக்கூட மூடாம வந்ததில்ல. இல்லாத ஒருத்திய ஒன்பது பேர் பனியில தேடியிருக்காங்க. வா, போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்."

காவலரின் அறையில் சைக்கிள் கடைக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். தேடப் போன ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி. முழங்கையில் சிராய்ப்பு. அப்பா இருவரிடமும் நடந்ததை அப்படியே சொன்னார், வேலையில் பழுது அறிக்கை கொடுப்பவர்போல.

"பரவால்ல சார்," என்றாள் அந்தப் பெண். குரல் கம்மியிருந்தது. "கத்திக் கத்தித் தொண்ட கட்டிக்கிச்சு, அவ்வளவுதான். நோட்டுல பேர் வேற இல்லையா, எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல. ஒன்பது பேரும் அம்மா, அம்மான்னுதான் கத்தினோம்."

மகள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தப் பதினான்கு மாதத்தில் அவள் அந்தச் சொல்லை ஒருமுறைகூடச் சத்தமாகக் கூப்பிடவில்லை. முன்பின் தெரியாதவர்கள் இரண்டு மணி நேரம் மலை முழுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"ஐயா, பெரிய பாதை இனி உங்களுக்கு இல்ல," என்றார் காவலர். "சங்கடமாத்தான் இருக்கு. ஏரியச் சுத்தற சின்னப் பாதைக்குத் தனியா போலாம்."

"சரிங்க. நேத்து வரிய மூடிட்டுப் போறேன்."

காவலர் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். போனது 2. வந்தது என்ற கட்டம் காலி. அப்பா பேனாவை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு 1 என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். அவர் மூடிய பதிவேடுகளில் இரண்டு எண்களும் பொருந்தாதது அது ஒன்றுதான்.

"கடப் பக்கம் வாங்க சார்," என்றாள் சைக்கிள் கடைக்காரப் பெண். அப்பா தலையாட்டினார். போக மாட்டார் என்று மகளுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். "எங்கூட வந்துடுங்களேன்ப்பா."

"வந்து? நீ எட்டு மணிக்குப் போவ, எட்டு மணிக்கு வருவ. அங்க உன் ஃப்ளாட்டு லிஃப்ட் சத்தத்தக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். அதுக்கு பேரிங் வேற போயிருக்கு. இங்க ஏரியாவது இருக்கு."

அவரிடம் பழுது எதுவும் இல்லை. அவரை அங்கிருந்து கழற்றிக்கொண்டு போக அவளிடம் காரணமும் இல்லை. திங்கட்கிழமை தனியாகத் திரும்பினாள்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பாவே அழைத்தார்.

"ஏரிப் பாதை போயிட்டு வந்தேன். நாலு கிலோமீட்டர். மேடே இல்ல."

"நோட்டுல எழுதினீங்களா?"

"போனது ஒண்ணு."

"வந்தது?"

"ஒண்ணு. சரியா இருக்கு."

"சரிப்பா."

 போனை இருவருமே முதலில் வைக்கவில்லை.