ஊர் கேட்டேன், பாக்கப் கேட்கவில்லை

போன சனிக்கிழமை காலை. கோப்பி கூடக் குடித்து முடிக்கவில்லை, ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியிலிருந்து மனோகரி அக்கா ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, இவரின்ர குரல் வரேல்லை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய கணவர் சிவகுலன் அண்ணைக்குக் குரல் போய் ஒன்றரை வருடமாகிறது. தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, பேச்சுப் போய்விட்டது. இப்போது ஒரு சின்ன வெள்ளைப் பலகையை மடியில் வைத்து, அதில் எழுதிக் காட்டுவார்.

"வெப்சைட்டில, தம்பி. அமத்தினா ஏதோ இங்கிலீசில எழுத்து வருது. ரெண்டு மூண்டு நாளா இப்பிடித்தான். நெற் பிழையாக்கும் எண்டு இருந்திட்டன்."

கொம்பியூட்டரைத் திறந்து முகவரியை அடித்தேன். இப்படி ஒரு தளம் இல்லை என்று வந்தது. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று திரும்பவும் அடித்தேன். இல்லை. அந்த வெப்சைட்டுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன் நான்.

கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும்.

சிவகுலன் அண்ணை அதிகம் பேசுகிற மனிதர் அல்ல. ஸ்காபரோவில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தவர். கலியாண வீட்டுக்கு வந்தால் ஒரு மூலையில் இருந்து சாப்பிட்டுவிட்டு, "அப்ப வாறன்" என்று எழும்பிவிடுவார். அப்படிப்பட்டவர், ஒப்பரேஷனுக்கு இன்னும் மூன்று வாரம் என்று டொக்டர் சொன்ன அன்று தொடக்கம் போனைக் கையில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். பேசிப் பேசிப் பதிவு செய்தார். மொத்தம் முப்பத்தெட்டுப் பதிவுகள்.

என்ன பேசினார்? வாழ்க்கைத் தத்துவமா? அதெல்லாம் இல்லை. வீட்டைச் சூடாக்கும் பேர்னஸின் பில்ரரை எப்படி மாற்றுவது. ஸ்னோ தள்ளும் மெஷின் ஸ்ரார்ட் ஆகாவிட்டால் என்ன செய்வது. குளிர் தொடங்குமுன் வெளித் தண்ணீர்ப் பைப்பை எங்கே பூட்டுவது. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், அவரிடம் எங்கள் வீட்டுத் திறப்பு ஒன்று இருக்கிறது... இப்படி. நடுவில் பேத்திக்கு ஒரு பாட்டு. லண்டனில் இருக்கும் மகனுக்கு ஐந்து நிமிடப் பேச்சு. அதில் என்ன இருந்தது என்று அந்த மகன் இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

மகன் லண்டனில், மகள் பிறம்ரனில். எல்லோரும் இருந்த இடத்திலிருந்தே கேட்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன வெப்சைட் போதும் என்பது அண்ணையின் யோசனைதான். பாஸ்வேர்ட் போட்டு, குடும்பத்துக்கு மட்டும். "உமக்கு நாலு பேரைத் தெரியும். நல்ல ஆளாப் பாத்துச் சொல்லும்" என்று என்னிடம் கேட்டார். அவர் தன் குரலால் என்னிடம் கேட்ட கடைசி உதவி அது.

வெப்சைட் இருப்பதற்கு ஓர் இடம் வேண்டும். பேஸ்மன்ட் வாடகைக்கு எடுப்பது மாதிரி, இன்ரநெற்றில் அந்த இடத்தை வாடகைக்குத் தருகிறவர்தான் ஹோஸ்ரிங்காரர். ரொறன்ரோவில் அப்படி எத்தனையோ பேர். நான் எப்படித் தேர்ந்தேன் தெரியுமா?

பிளாசாக் கோப்பிக் கடையில் ரஜீவ் என்ற நாற்பது வயதுக்காரரைச் சந்தித்தேன். தனியாக ஹோஸ்ரிங் செய்துகொண்டிருந்தார். நான் கேட்ட முதல் கேள்வி:

"தம்பி எந்த இடம்?"

சொன்னார். தாயின் ஊர் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். அடுத்த கேள்வி, "அப்பா ஆர்?" அதையும் சொன்னார். அவருடைய பெரியப்பா எனக்குக் கணக்குப் படிப்பித்தவர்! பிறகென்ன... மூன்றாவது கேள்வியே இல்லை. கோப்பிக்கு யார் காசு கொடுப்பது என்று இருவரும் இழுபறிப்பட்டுவிட்டு எழும்பி வந்தோம். அண்ணையிடம் போய், "எங்கட பொடியன்தான். பயமில்லாமக் குடுக்கலாம்" என்றேன்.

அத்தோடு விட்டேனா? பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்தியில் முன்பொரு வாரம், "வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கு நம்பகமான ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள்" என்று பெருமையாக வேறு எழுதினேன். எழுதியவர்களுக்கு ரஜீவின் நம்பரை அனுப்பியும் வைத்தேன். உங்களில் யாராவது அப்படி வாங்கியிருந்தால், இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு உங்கள் வெப்சைட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பகிடி விடவில்லை.

சனிக்கிழமைக்கு வருகிறேன். ரஜீவுக்குப் போன் அடித்தேன். உடனே எடுத்தார். ஒளிக்கவில்லை.

"அண்ணை, நான் ஹோஸ்ரிங்கை விட்டிட்டன். ரியல் எஸ்டேற் லைசன்ஸ் எடுத்து இப்ப அதுதான் செய்யிறன். கஸ்டமர்மார் எல்லாருக்கும் ரெண்டு மாசத்துக்கு முதலே இமெயில் போட்டனான், பைல்களை எடுங்கோ எண்டு. மூண்டு தரம் போட்டனான்."

"எந்த இமெயிலுக்கு?"

பார்த்துச் சொன்னார். அந்த வெப்சைட்டோடு சேர்த்து அவரே திறந்து வைத்த இமெயில் முகவரி. அதை யாரும் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அண்ணைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"சரி, பாக்கப் இருக்குமே, வேற ஒரு பிரதி?"

"பாக்கப்பும் அந்த சேர்வரிலதான் அண்ணை இருந்தது. அதுவும் நான் வாடகைக்கு எடுத்த சேர்வர். எக்கவுண்டை மூடின உடன அவங்கள் எல்லாத்தையும் அழிச்சுப்போடுவாங்கள். இப்பவே கேட்டுப் பாக்கிறன்."

கேட்டார். ஒரு மணித்தியாலம் கழித்து, அழாக்குறையாகத் திரும்ப அடித்தார். ஒன்றும் இல்லையாம். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றார். அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை. அவர் களவெடுக்கவில்லை, பொய் சொல்லவில்லை. பெரியப்பாவைப் போலவே நல்ல பிள்ளை. அவர் நல்லவரா என்று பார்த்துத்தானே சேர்த்தேன்? அந்தப் பரீட்சையில் அவர் சித்தியடைந்தவர்தான். நான் வைத்த பரீட்சைதான் பிழை.

வீடு வாங்கினாலும் பல்லுப் பிடுங்கினாலும் கூரை திருத்தினாலும் நாங்கள் முதலில் கேட்பது, "எங்கட ஆளோ?" என்பதுதான். ஊரும் தகப்பன் பெயரும் தெரிந்தால் மனம் ஆறிவிடுகிறது. புது நாட்டில் அது எங்களுக்கு எத்தனையோ தடவை கைகொடுத்திருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒருவரின் தகப்பனை எனக்குத் தெரியும் என்பதற்காக சேர்வர் பத்திரமாக இருந்துவிடுமா?

பின்னேரம் நிரோஷாவோடு பேசினேன். மனைவியின் அக்கா மகள், இங்கேயே பிறந்தவள். மார்க்கம் நகரில் ஒரு கம்பனியின் சேர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். ஏதாவது வழி இருக்கும் என்ற நப்பாசை.

"அங்கிள், டொமைன் நேம், அந்த வெப்சைட்டின்ர முகவரி, யார் பேரில?"

"ரஜீவின்ர பேரில."

"சீரியஸ்லி? அது சிவகுலன் அங்கிள் பேரில இருக்கணும். பாக்கப் ஒரு கொப்பி உங்களிட்ட இருக்கோ?"

"இல்லை. அவரிட்டத்தான் இருந்தது."

"தென் அது பாக்கப்பே இல்லை. எப்பவாவது ஒரு பைலைத் திருப்பி எடுத்துத் தாங்கோ எண்டு சோதிச்சுப் பாத்தனீங்களா? அவருக்குச் சுகமில்லாமப் போனா வேற யார் பாப்பினம்? சண்டை பிடிச்சா நாளைக்கே எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு வேற இடம் போகலாமா?"

"சண்டை ஏன் பிடிக்கிறம்? எங்கட பொடியனோட..."

"அதுதான் ப்ரொப்ளம், அங்கிள்."

அவள் கேட்டவை அவ்வளவுதான். கொம்பியூட்டர் படிப்புத் தேவையில்லை, அந்தக் கோப்பிக் கடையில் பத்து நிமிடத்தில் நான் எல்லாவற்றையும் கேட்டிருக்கலாம். உங்கள் சின்னக் கடைக்கோ நடனப் பள்ளிக்கோ இன்ரநெற்றில் இடம் எடுக்கப் போகிறீர்களா? அவள் கேட்டதை எழுதிக்கொண்டு போங்கள். யாராவது முகம் சுளித்தால் அங்கிருந்து எழும்பி வாருங்கள். ஊரையும் கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கடைசியாகக் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மில்லிக்கன் போனேன். இப்படியானதைப் போனில் சொல்லக்கூடாது.

வழியெல்லாம் வேறு எங்காவது அந்தக் குரல் இருக்குமா என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். பதிவு செய்த பழைய போன்? "அதுதான் எல்லாம் வெப்சைட்டில இருக்கே" என்று துடைத்துவிட்டுக் கொடுத்து, புதுப் போன் வாங்கியாயிற்று. மகளின் கலியாண வீடியோ? அதில் அண்ணை தெளிவாகவே வருகிறார், வாயை அசைத்து யாரோடோ பேசுகிறார். ஆனால் வீடியோக்காரர் அவர் குரலை எடுத்துவிட்டு, மேலே சினிமாப் பாட்டுப் போட்டிருக்கிறார். எங்கள் வீடியோக்கள் எல்லாம் அப்படித்தானே?

இருவரையும் இருத்தி விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. பிழை என்னுடையது என்பதையும் சொன்னேன். அண்ணை முன்னால் எனக்கு ஒரு குரல் இருப்பதே வெட்கமாக இருந்தது.

மனோகரி அக்கா அழவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"நான் ஒவ்வொரு நாளும் காலமை அந்த பேர்னஸ் பில்ரர்க் கதையைத்தான் தம்பி போடுறனான்" என்றார். "பில்ரருக்காக இல்லை. துவக்கத்தில 'மனோ, இஞ்ச பார்' எண்டு கூப்பிடுவார். அதுக்காக."

சிவகுலன் அண்ணை பலகையை எடுத்தார். பேனையின் மூடியைக் கழற்ற அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஒரே ஒரு சொல் எழுதி என் பக்கம் திருப்பினார்.

பரவாயில்லை.

அக்கா அந்தப் பலகையை வாங்கி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாய்க்குள் அந்தச் சொல்லை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இதை இவர் எப்பிடிச் சொல்லுவார்? எனக்கு இப்ப பிடிபடேல்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

"ஓம் அக்கா" என்றேன்.

பொய்.