தீப்பெட்டி கேஜ் செய்து தந்த பிரமிளா சிஸ்டர்

பிரமிளா சிஸ்டர் இறந்துவிட்டார். நேற்றுக் காலையிலேயே... எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

யசோவுக்குக் காலையில் வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வழக்கம்போல முதல் போன் சிஸ்டருக்குத்தான் போட்டேன். எடுத்தது யாரென்றுகூடக் கேட்கவில்லை. "முட்டியெல்லாம் வலின்றா சிஸ்டர், முதுகும் வலிக்குதாம், ஊசி போட மாட்றாங்க, நீங்க கொஞ்சம் பேசுங்க" என்று கொட்டிவிட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் அவருடைய வீட்டுக்காரர் அழுதார்.

தெரியாதவர்களுக்காக... யசோ என் மகள், மூன்றாம் கிளாஸ். அவளுக்கு சிக்கிள் செல் நோய். ரத்த அணுக்கள் உருண்டையாக இல்லாமல் அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அப்போது வருகிற வலியை என்னால் எழுதிப் புரியவைக்க முடியாது.

சிஸ்டரும் எங்கள் தங்கச் சுரங்க ஊர்தான், ஆண்டர்சன்பேட்டைக்காரர். தினமும் மாரிக்குப்பம் ட்ரெயினில் பெங்களூர் போய், இந்த நோய் உள்ள பிள்ளைகளுக்கான மருந்து ஆராய்ச்சியில் நர்ஸாக இருந்தார். யசோவும் அந்த ஆராய்ச்சியில் இருக்கிறாள்.

சேர்க்கும்போது சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்கவில்லை. "பெத்த பொண்ண எலியாட்டம் குடுக்கறியா?" எனக்கும் பயம்தான். ஆனது ஆகட்டும் என்று கையெழுத்துப் போடப் போன என்னை சிஸ்டர்தான் தடுத்தார். "இரும்மா. கொயந்தய கேக்காம இன்னா அவசரம்?"

யசோ கேட்டது ஒன்றுதான். "ஊசி நெறைய போடுவீங்களா?"

"இல்லடா தங்கம்" என்று நான் முந்திக்கொண்டேன். சிஸ்டர் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே... "போடுவோம் கண்ணு. மாசாமாசம் ரத்தம் எடுப்போம், நோவும். வேணான்னா எப்ப வேணா சொல்லு, நிறுத்திக்கலாம்" என்றார். யசோ என்னை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்புறம் அந்த முகங்கள் போட்ட சார்ட். வலி எவ்வளவு என்று பிள்ளைகள் அதில் தொட்டுக் காட்ட வேண்டும். சிரிக்கிற முகம் ஒரு கோடியில், அழுகிற முகம் மறு கோடியில். யசோ பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற முகத்தையே தொடுவாள். அழுகிற முகத்தைத் தொட்டால் அட்மிட் பண்ணிவிடுவார்கள் என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

அடுத்த முறை சிஸ்டர் ஒரு அட்டையோடு வந்தார். நடுவில் நீளமாக ஒரு ஷாஃப்ட், அதாவது சுரங்கத்தின் செங்குத்துக் குழி, வரைந்து, மேலிருந்து நூலில் ஒரு தீப்பெட்டியைத் தொங்கவிட்டிருந்தார். அதுதான் கேஜ். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கூண்டு. மைன்ஸ் மூடிய பிறகு பிறந்தவள்தான், ஆனாலும் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நோவு எவ்ளோ ஆழத்துல கீது? எறக்கிக் காட்டு."

யசோ நூலை விட்டாள். விட்டுக்கொண்டே இருந்தாள். தீப்பெட்டி அடியில் போய்த் தட்டியது. "செரி, ஏத்திடலாம்" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் மருந்துக்கு ஓடினார்.

இங்கே வலியோடு எங்கே தூக்கிக்கொண்டு ஓடினாலும் ஒரே பேச்சுதான். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, ஸ்கூலுக்குப் பயந்து நடிக்கிறாள்... நான் போனை டாக்டர் கையில் கொடுத்துவிடுவேன். சிஸ்டர் கெஞ்சுவார். கன்னடத்தில், தமிழில், இங்கிலீஷில். பின்னால் ட்ரெயின் சத்தம் கேட்கும். ஊசி போட்டாயிற்று என்று தெரிகிற வரைக்கும் போனை வைக்க மாட்டார்.

இன்றைக்கு நானே கெஞ்சினேன். காலில் விழாத குறை. ஒரு வழியாக ஊசி போட்டார்கள், சலைன் ஏறுகிறது. வலி இன்னும் குறையவில்லை.

சிஸ்டருக்கு நெஞ்சுவலியாம். அதற்கு முன்னாடியே விட்டு விட்டு வந்துகொண்டிருந்ததாம். "கேஸ் ட்ரபிள்னு சொல்லிக்கினே ட்ரெயின் ஏறிக்கினு இருந்தாம்மா" என்றார் அவருடைய வீட்டுக்கார அண்ணா.

கோபம் கோபமாக வருகிறது சிஸ்டர். ஊர்ப் பிள்ளைகள் வலியையெல்லாம் நூல் கட்டி இறக்கிப் பார்த்தீர்கள். உங்களுக்கு மட்டும் சிரிக்கிற முகமா?

ஆராய்ச்சி ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். மருந்து நிற்காது, வேறு நர்ஸ் வருவார் என்றார்கள். வரட்டும். ஆனால் அடுத்த வலிக்கு நான் யாரைக் கூப்பிடுவேன்? யார் போனை வைக்காமல் இருப்பார்கள்?

பயமாக இருக்கிறது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுவதே வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான்.

யசோவுக்கு இன்னும் சொல்லவில்லை. அந்த அட்டை அவள் பக்கத்திலேயே கிடக்கிறது. கொஞ்ச நேரம் முன்பு கண்ணைத் திறந்து கேட்டாள்.

"கேஜ் அடியில கீதுன்னு சிஸ்டர்கிட்ட சொல்லிட்டியா மம்மி?"

"சொல்லிட்டேன்டா."

இதற்கும் என்னை முறைத்திருப்பீர்கள். அது பொய்யாகிவிடக் கூடாது, இங்கேயே சொல்லிவிடுகிறேன்... அடியில் இருக்கிறது சிஸ்டர். ரொம்ப அடியில்.

போய் வாருங்கள்.