முகாம் மைதானத்துக் கருவேலமரம்

எங்கள் பழைய தங்கச் சுரங்க ஊரில், ஸ்கெலட்டன் பகுதியில் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிற பொம்பளை என்றால் என்னைத்தான் சொல்வார்கள். டேங்கரை இழுக்கிற டிராக்டர் மாமனார் வாங்கியது. வீட்டுக்காரர் தினமும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். ஸ்டியரிங் பிடிக்க அவருக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. ஆறு வருஷமாக நான்தான் ஓட்டுகிறேன்.

கோடை விடுமுறையில் காலேஜ் பிள்ளைகளுக்குப் பத்து நாள் முகாம் போடப்போகிறோம், தண்ணீர் வேண்டும் என்று ஒரு விளையாட்டு வாத்தியார் வந்து கேட்டார். ஊருக்குள்ளேயே பாலகாட் பக்கம் சும்மா கிடந்த ஒரு மைதானம்தான் இடம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளே வந்து முள் வெட்டிச் சுத்தம் செய்யப்போவதாகச் சொன்னார். அன்றைக்கு எனக்கு லோடு இல்லை, டிராக்டரோடு நானும் வருகிறேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று யோசித்தால் பெரிய காரணம் எதுவும் தெரியவில்லை. வீட்டில் இருந்தால் துணி துவைக்க வேண்டும்.

காலையில் நான் போய் இறங்கியதும் வாத்தியார் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“டிரைவர் பின்னாடி வர்றாராக்கா?”

“நான்தான் சார் டிரைவர்.”

முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். மதியம்வரை அவர்கள் வெட்டிய முள்ளை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டினேன். பிறகு டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, மைதானத்தின் நடுவே நின்ற ஒரு சீமைக்கருவேலத்தின் அடிக்கட்டையைப் பிடுங்கப் போனோம். மரத்தை வெட்டியாகிவிட்டது. அந்த இடத்தில்தான் கூடாரம் அடிக்க வேண்டுமாம்.

கட்டையில் செயினைச் சுற்றி, டிராக்டரின் பின்னால் தாழ்வாக மாட்டினேன். மேலே மாட்டினால் வண்டி மல்லாந்துவிடும். “இழுக்கும்போது கிட்ட யாரும் நிக்கக்கூடாது, செயின் அறுந்தா உயிர் போயிடும்” என்று சொன்னேன். எல்லாரும் விலகினார்கள். முதல் தடவை கட்டை அசையவில்லை. பக்க வேரை வெட்டினால் வரும் என்று பிள்ளைகளில் ஒரு பெண் கடப்பாரையோடு போய்க் குத்தினாள். நான் வண்டியைவிட்டு இறங்கவில்லை. யாரோ “ஆச்சுக்கா, இழுங்க” என்றார்கள். இழுத்தேன்.

முன்சக்கரம் இரண்டும் தரையைவிட்டு எழும்பின. உடனே கிளட்சை மிதித்தேன். வண்டி தொப்பென்று விழுந்தது. அதே நொடியில் பின்னால் சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். கட்டையைச் சுற்றி மண் உள்வாங்கிவிட்டது. அந்தப் பெண் இடுப்புவரை மண்ணுக்குள் இருந்தாள். இரண்டு கையாலும் செயினைப் பிடித்திருந்தாள். கடப்பாரையைக் காணோம். வாத்தியார் அவளை நோக்கி ஓடினார்.

“சார், நில்லுங்க! யாரும் கிட்ட போகாதீங்க, இன்னும் சரியும்!”

அவர் நின்றுவிட்டார். நான் அவளைப் பார்த்துக் கத்தினேன்.

“இன்னா ஆனாலும் செயினை விடாதம்மா. குப்புறப் படுத்துக்க. நான் மெதுவா இழுக்கறேன்.”

அவள் குப்புறச் சாய்ந்து படுத்தாள். லோ ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். அப்படி மெதுவாக நான் ஓட்டியதே கிடையாது. கட்டை அசைய, செயினோடு அவளும் நகர்ந்து வந்தாள். ஐந்தடி வந்திருக்கும். “போதும், போதும்” என்று பிள்ளைகள் கத்தினார்கள். வாத்தியார் கையைப் பிடித்து அவளைத் தூக்கினார். உள்ளங்கை இரண்டும் உரிந்து ரத்தம் வந்தது. வேறு அடி இல்லை.

கட்டை குழியின் வாயில் சிக்கி நின்றது. வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு விட்டு, வண்டிப் பக்கத்தில் மட்டும் செயினைக் கழற்றினேன். எல்லாரும் தள்ளிப்போய் நின்றோம். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே உள்ளே போனது, என் செயினையும் இழுத்துக்கொண்டு. சுவரில் மோதி மோதிப் போகிற சத்தம் கேட்டது. அப்புறம், ரொம்ப நேரம் கழித்து, தண்ணீரில் விழுகிற சத்தம். எந்தக் காலத்திலோ தங்கம் தேடித் தோண்டி, மேலே மரக்கட்டைகளைப் பரப்பி மண் போட்டு மூடிவிட்டுப் போன குழி. இந்த ஊரில் அப்படி எத்தனையோ இருக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கே என்பதுதான் தெரியாது.

நகராட்சி ஆட்கள் வந்து முள்கம்பி கட்டினார்கள். முகாமை ஒரு வாரம் தள்ளிவைத்து, ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள்.

குழி விழுந்து இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா என் வீட்டைத் தேடி வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலி போட்டேன். அவள் உட்காரவில்லை.

“பின்னாடி ஆள் நிக்கறது தெரியாமலா இழுத்த? திரும்பிப் பாக்க மாட்ட?”

“பாக்கலம்மா. முதல் வாட்டி பாத்தேன், ரெண்டாவது வாட்டி பாக்கல. தப்புதான்.”

வேறு ஏதாவது பதில் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போல. எல்லாரும் என்னைப் பாராட்டிய இரண்டு நாளில், சரியாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். டீ கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“கட்டுப் போட்ட கையோட முகாமுக்குப் போறேன்றா” என்றாள். “அந்த ஸ்கூல்ல தரை நல்லா இருக்குமா?”

“காலையிலதான் நானே போய் நடந்து பாத்துட்டு வந்தேன்” என்றேன்.

அவள் மகளை அனுப்பினாள்.