டூரிஸ்ட் என்று சொல்லச் சொன்னேன்

போன வருஷக் கடைசியில், ஐரோப்பாவின் ஒரு பெரிய விமான நிலையத்தில் நடந்தது இது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதை விட்டுவிட்டு, வருகிறவர்களின் முகத்தையும் விரல் ரேகையையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளும் புதிய முறையை அங்கே அப்போதுதான் கொண்டுவந்திருந்தார்கள். அந்த மெஷினுக்கு முன்னால் நான் போய் நின்றது பனி பார்க்க அல்ல. எதிர்வீட்டுப் பெண்ணை அவள் மகனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க.

நாங்கள் இருப்பது போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில். எனக்கு அரசாங்க உத்தியோகம். ஊரில் நாலு பேருக்கு என்னைத் தெரியும் என்றால் அது, சேர்த்தால் இலவச டிக்கெட் என்று விமானக் கம்பெனி தரும் பாயின்ட்டால்தான். மெயின்லேண்டுக்குக் கப்பலை விட்டால் விமானம் என்பதால் தீவுக்காரர்கள் எல்லோரும் கொஞ்சம் பாயின்ட் சேர்த்துத்தான் வைத்திருப்பார்கள். நான் அதை ஒரு மதமாகவே அனுசரித்தேன். சென்னைக்கு நேராகப் போகிற விமானம் இருக்க, பாயின்ட் கூடுதல் என்று கொல்கத்தா சுற்றிப் போயிருக்கிறேன். சிமென்ட் வாங்கினாலும் கார்டு, மீன் வாங்கினாலும் கார்டு. கார்டு எடுக்காத மீன்காரரை நான் விலக்கிவைத்ததில் வீட்டில் நல்ல மீன் சாப்பிட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

இன்னொரு தகுதியும் எனக்கு உண்டு. எங்கள் விமான நிலையத்தில் வெளிநாட்டுக்காரர்களைப் பதிவு செய்யும் கவுன்டரில் பல வருஷம் உட்கார்ந்தவன். அங்கே நான் பெற்ற ஞானம் இதுதான்: எதற்கு வந்தாய் என்று கேட்டால் “பீச்” என்று ஒரே வார்த்தை சொல்கிறவன் உடனே வெளியே போய்விடுவான். கதை சொல்கிறவன் மாட்டுவான். அழுகிறவனை ஓரமாக உட்காரவைத்து இன்னொரு தடவை விசாரிக்கத் தோன்றும்.

சேர்த்த பாயின்ட்டை வைத்து நானும் மனைவியும் ஐரோப்பா போவதாக இருந்தோம். விசாவும் வாங்கியாயிற்று. அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுக்கு போன் வந்தது.

அந்தப் பெண்ணின் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள். அவள் இங்கே தையல் வேலை செய்கிறாள். புருஷன் இல்லை. ஒரே மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றபோது சரக்கு அறைக்குள் விழுந்து தலையில் அடி. மெஷின் வைத்துத்தான் மூச்சு ஓடுகிறது, வருவதானால் சீக்கிரம் வரட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கப்பல் கம்பெனி டிக்கெட் தருவதாகச் சொன்னது. மேலிடத்து உத்தரவு வர வேண்டுமாம்.

என் மனைவி சுற்றி வளைக்கவில்லை. “ஒங்க பாயின்ட்ட சாகும்போது கூடவா எடுத்துட்டுப் போகப் போறீங்க? எடுங்க. நீங்களும் கூடப் போங்க. அதுக்கு இந்தி வரும், இங்கிலீஷ் வராது.”

அம்மாவை ஒரு தடவையாவது வெளிநாடு கூட்டிப்போக வேண்டும் என்று மகன் எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட் அவளிடம் இருந்தது. ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பார்த்து சென்னையில் அவசரமாக விசா கொடுத்தார்கள்.

விமானத்தில் நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். “எதுக்கு வந்தேன்னு கேட்டா டூரிஸ்ட்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசாத. முக்கியமா, அழாத.”

“டூரிஸ்ட்,” என்று சொல்லிப் பார்த்தாள். “ஊர் சுத்திப் பாக்க வந்தேன்னா அண்ணே?”

“அப்படித்தான். எனக்கு இந்த வேலை தெரியும்மா.”

“டீக் ஹை அண்ணே. உள்ள விட்டாப் போதும்.”

வழியெல்லாம் உதட்டுக்குள் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் சாமி பெயரைச் சொல்வது போல.

வரிசை நீளமாக இருந்தது. எங்கள் முறை வந்ததும் மெஷினுக்கு முன்னால் அவளை நிறுத்தினேன். முகத்தைத் தூக்கு, கண்ணைத் திற என்று படம் போட்டுக் காட்டியது. எத்தனை தடவை நின்றாலும் சிவப்பு விளக்கு.

“அழாதம்மா, படம் விழ மாட்டேங்குது.”

“அழல அண்ணே. மூஞ்சியே இப்பிடித்தான் ஆயிருச்சு.”

கடைசியில் இருவரையும் ஒரு பெண் அதிகாரியின் கவுன்டருக்கு அனுப்பினார்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். அவள் பாடம் தவறாமல் சொன்னாள்: “டூரிஸ்ட்.”

அதிகாரி திரையைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வரவேண்டி அவசரமாகக் கொடுத்த விசா என்று அதில் இருந்திருக்கும். வீங்கிய கண்களோடு, சுவெட்டருக்கு மேல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிற இந்தச் சுற்றுலாப் பயணியைப் பார்த்தார். கூட நிற்கிற நான் யார் என்று கேட்டார். நானும் டூரிஸ்ட் என்றேன். என் விசாவில் அப்படித்தான் இருந்தது. ஏமாற்றி ஆள் கடத்துகிறவன் என்று என்னை நினைத்திருந்தால் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

எங்களை ஒரு அறையில் தனித்தனியாக உட்காரவைத்தார்கள். என் இங்கிலீஷ் திடீரென்று கதை கதையாகக் கொட்டியது. பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். சரிபார்க்க வேண்டும், பொறுங்கள் என்றார்கள். அந்தத் துறைமுக நகரத்துக்கு நாங்கள் பிடிக்க வேண்டிய விமானத்தின் பெயர் சுவரிலிருந்த பலகையில் மேலே ஏறி ஏறி, ஒரு சமயம் காணாமல் போயிற்று. அறையின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் கேட்டாள்.

“நெசத்தையே சொல்லிருக்கலாமேண்ணே?”

கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும்.

பிறகு அந்த அதிகாரி ஒரு போனைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மொழிபெயர்ப்பவர். யாழ்ப்பாணத் தமிழில் ஒரு பெண் குரல். “அம்மா, என்னத்துக்கு இஞ்ச வந்தனீங்கள்? பயப்பிடாமல் சொல்லுங்கோ.”

“எம் புள்ளயப் பாக்க. உசுரோட பாக்க.”

 அந்தக் குரல் அதை அவர்கள் பாஷையில் சொல்லிற்று.

அதிகாரி தானே போய் ஆஸ்பத்திரிக்குப் பேசிவிட்டு வந்தார். முகத்தைப் பதிவு செய்யாமல் உள்ளே விட முடியாது என்பதால், மேஜையிலிருந்த கேமராவை அவள் பக்கம் திருப்பி, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தானும் எதிரே உட்கார்ந்தார். போனில் ஏதோ சொன்னார். “மகன்ர பேர் என்னெண்டு கேக்கிறா, அம்மா.”

அவள் தலையை நிமிர்த்தி, அதிகாரியை நேராகப் பார்த்து, மகன் பெயரைச் சொன்னாள். அந்த ஒரு நொடியில் படம் விழுந்தது.

ரயில் ஏற்றிவிட்டார்கள். மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தோம். பையனின் மார்பு மெஷினின் தாளத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “சூடா இருக்குண்ணே,” என்றாள். அதையே எத்தனையோ தடவை சொன்னாள். சாயங்காலம் மெஷினை நிறுத்தினார்கள்.

முந்தின நாளே வந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நான் அதைக் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களை நம்பாமல் இருப்பதுதான் என் தொழில்.

திரும்பும் டிக்கெட்டை, பையனை வைத்த பெட்டிக்கும் சேர்த்து, கப்பல் கம்பெனி கொடுத்தது. காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் என்றால் பாயின்ட் உண்டு. சென்னையில் சரக்குப் பகுதியில் அந்தப் பெட்டிக்குக் கையெழுத்துப் போட நின்றுகொண்டிருந்தபோது என் போனுக்குச் செய்தி வந்தது: வாழ்த்துகள், இந்தப் பயணத்தில் இத்தனை பாயின்ட் சேர்த்திருக்கிறீர்கள். இன்றுவரை அதைத் தொடவில்லை. தொடாவிட்டால் காலாவதியாகிவிடும் என்று அவ்வப்போது பயமுறுத்துகிறார்கள். ஆகட்டும் என்று இருக்கிறேன்.

போன மாதம் அவள் என் மனைவியின் ரவிக்கையைக் கொடுக்க வந்தாள். போகிற போக்கில் கேட்பது போல வாசலில் நின்று கேட்டாள்.

“அண்ணே, அங்க எடுத்தாங்களே என் போட்டோ, அத வச்சிருப்பாங்களா, அழிச்சிருவாங்களா?”

“மூணு வருஷம் வச்சிருப்பாங்கம்மா. ஏன், அழிக்கச் சொல்லணுமா?”

“ஐயோ, வேணாம். இருக்கட்டும்.” ரவிக்கையை நீவி மடித்துக்கொண்டே சொன்னாள்: “அவன் உசுரோட இருந்தப்ப எடுத்த என் கடைசி போட்டோ அதுதானே.”

அதே கம்ப்யூட்டரில் என் முகமும் இருக்கும், காட்ட வேண்டிய கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கெட்டிக்காரத்தனமாக நிற்கிற முகம். மூன்று வருஷத்தில் அதை மறந்துவிட அந்த மெஷினால் முடியும், என்னால் முடியும் என்று தோன்றவில்லை.