ஏழு பல்பும் அத்தையும்

1979-ஆம் ஆண்டு இறுதி, பள்ளி விடுமுறை. ஈப்போவுக்குத் தெற்கே, எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் ஒரு சுண்ணாம்புக் குன்றில் இது நடந்தது.

முதலில் என் ஆல்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு, வரை படித்த முதல் ஆள் நான்தான். தற்காலிக ஆசிரியையாக வேலை கிடைத்து, முதல் சம்பளத்தில் ஒரு சின்ன கேமரா வாங்கினேன். அதன் பிறகு கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. லூமுட் கடற்கரை, தைப்பிங் ஏரி, அப்போது தெலுக் ஆன்சன் என்று சொன்ன தெலுக் இந்தானின் சாய்ந்த மணிக்கூண்டு, போன இடமெல்லாம் படம். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் ஆல்பம்தான் வரும்.

போன மாதம் என்னோடு வேலை செய்யும் ஓர் ஆசிரியை அதைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். அந்தப் பக்கத்தில் ஆறு படங்கள், எல்லாமே இருட்டு. ஒன்றில் உயர்ந்த ஒரு கை. ஒன்றில் ஈரப் பாறை, ரப்பர் செருப்பு. இன்னொன்றில் சேலை கட்டிய முதுகும் அவிழ்ந்துபோன கொண்டையும்.

"என்னா டீச்சர், கெட்டுப்போன படத்தையெல்லாம் ஒட்டி வச்சிருக்கீங்க?" என்று சிரித்தார்.

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த முதுகு என் அத்தையுடையது. அப்பாவின் அக்கா. தோட்டத்தில் புல் வெட்டும் வேலை. கையில் இருக்கும் கத்தியைவிட வாய் கூர்மை. படம் எடுப்பது என்றாலே அவருக்கு ஆகாது. ஒரு படத்துக்கு ஆயுசில் ஒரு வருஷம் போய்விடும் என்று உறுதியாக நம்பினார். என் கேமராவைக் கண்டால் முகத்தைக் கையால் மறைத்துக்கொள்வார். ஐ.சி. எனும் அடையாள அட்டைக்காக ஒரே ஒருமுறைதான் படத்துக்கு நின்றிருக்கிறார்.

"ஐ.சி.க்கு எடுத்தாங்களே, அதுல ஒரு வருசம் கவர்மெண்டுக்குப் போச்சு. இன்னொண்ண ஒனக்கு எதுக்கு லா குடுக்கணும்?"

ஒருநாள் உட்கார வைத்து லென்ஸ், ஃபிலிம் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சரி, அந்த உருவம் அதுக்குள்ள எப்படிப் போச்சு? என்கிட்டேருந்து எடுத்துத்தானே போயிருக்கணும்?" என்றார். நான் கைவிட்டுவிட்டேன்.

எனக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தால் பொங்கல் வைப்பதாக, அந்தக் குன்றின் அடியில் இருந்த சின்ன முனீஸ்வரர் கோயிலில் அத்தை வேண்டியிருந்தார். இடம் கிடைத்தது. நாங்கள் இருவர் மட்டும் போனோம். பொங்கல் வைத்து, படைத்து, சாப்பிட்டு முடித்தோம். பூசாரி இனி வெள்ளிக்கிழமைதான் வருவேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் போய்விட்டார். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கோயிலுக்குப் பின்னால் குகையின் வாய் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு படம் எடுத்துக் கல்லூரியில் காட்டினால் எப்படி இருக்கும்! கோயிலில் இருந்த டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

"பொம்பளப் புள்ள, ஒண்டியா எங்க போற?" என்று திட்டிக்கொண்டே அத்தையும் பின்னால் வந்தார்.

ஆசை என்னை உள்ளே உள்ளே இழுத்தது. பல வளைவுகள் திரும்பினோம். வழியில் அடி தெரியாத பள்ளங்களை ஓரமாகச் சுற்றிக் கடந்தோம். ஓரிடத்தில் கால் வழுக்கி நான் கையை ஊன்ற, டார்ச் லைட் நழுவி ஒரு பள்ளத்துக்குள் போனது. பாறையில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. அதன் பிறகுதான், எங்கோ கீழே, தண்ணீரில் விழும் சத்தம்.

அப்படி ஓர் இருட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். தீப்பெட்டி வெளியே பொங்கல் பானையோடு இருந்தது. கத்திப் பார்த்தோம். தலைக்கு மேல் வௌவால்கள்தான் கலைந்தன. நாங்கள் குகைக்குள் இருப்போம் என்று வீட்டில் யாருக்குத் தோன்றும்? தட்டுத் தடுமாறியதில் எந்தப் பக்கமாக வந்தோம் என்பதும் குழம்பிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. ஒங்கிட்ட நெருப்பு கிருப்பு எதுவுமே இல்லியா?" என்றார் அத்தை.

அப்போதுதான் கழுத்தில் தொங்கிய கேமரா நினைவுக்கு வந்தது. இருட்டில் படம் எடுக்க அதன் தலையில் கற்கண்டு மாதிரி ஒரு பல்புக் கட்டியைச் செருக வேண்டும். நான்கு பக்கமும் பக்கத்துக்கு ஒருமுறை எரியும், அவ்வளவுதான். கோயிலில் ஒன்று எரிந்துவிட்டது. கேமராவில் மூன்று, பையில் புதுக் கட்டியில் நான்கு. மொத்தம் ஏழு. ஃபிலிமும் நல்லவேளையாக மிச்சம் இருந்தது.

"படம் புடிக்கிறேன் அத்தே. வெளிச்சம் வர்றப்ப வழியப் பாத்துக்குங்க."

அழுத்தினேன்.

ஒரு நொடிதான். ஆனால் அந்த நொடியில் நான் பார்த்ததை இன்றுவரை மறக்க முடியவில்லை. கூரை எங்கோ வானம் மாதிரி உயரத்தில் இருந்தது. அங்கிருந்து வெள்ளை வெள்ளையாகக் கல் தூண்கள், கோபுரங்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போல. அதன் கீழே நாங்கள் இரண்டு எறும்புகள். பயத்தையும் மீறி உடம்பு சிலிர்த்தது. இருட்டு மறுபடி மூடிய பிறகும் அந்தக் காட்சி கண்ணுக்குள் பச்சையாகக் கொஞ்ச நேரம் மிதந்தது.

"ஒண்ணு," என்றார் அத்தை மெதுவாக. பிறகு, "எடதுபக்கம் ஒரு சந்து தெரிஞ்சிச்சு. நான் முன்னால போறேன். என் முந்தானையப் புடிச்சிக்க."

"நீங்க பின்னால வாங்க அத்தே. முன்னால போனா படத்துல விழுந்துருவீங்க."

"நீ குழியில விழறதுக்கு நான் படத்துல விழுந்துட்டுப் போறேன். வா."

அப்படித்தான் நடந்தோம். அத்தை ஒரு கையை முன்னால் நீட்டி, காலால் தடவித் தடவி முன்னேறுவார். தரை நம்பும்படி இல்லாத இடத்தில் நின்று, "புடி" என்பார். நான் அழுத்துவேன். கண்ணுக்குள் காட்சி கரைவதற்குள் சில அடி நடப்போம். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும், "ரெண்டு," "மூணு," என்று முணுமுணுப்பார். பல்பைத்தான் எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

மூன்றாவது வெளிச்சத்தில் அவருடைய செருப்பு நுனிக்கு அப்பால் தரையே இல்லை. அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டோம். அங்கேயே, இருட்டில், எரிந்த கட்டியைக் கழற்றிப் புதியதைச் செருகினேன். கீழே விழுந்தால் எல்லாம் முடிந்தது. அத்தை தன் இரண்டு கைகளையும் என் கைகளுக்கு அடியில் ஏந்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது வெளிச்சம் அணைந்த பிறகு தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று தெரிந்தது. அணையாத வெளிச்சம். பகல்!

வெளியே வந்து அப்படியே மண்ணில் உட்கார்ந்தேன். அத்தை குடிக்கக் கொண்டுவந்திருந்த மிச்சத் தண்ணீரில் முகம் கழுவினார்.

"எத்தன மிச்சம்?" என்றார்.

"ஒண்ணு அத்தே."

அவிழ்ந்த கொண்டையை இறுக்கிக் கட்டினார். சேலையை உதறிச் சரி செய்தார். குகை வாசலில் போய், கைகளைத் தொங்கவிட்டு, ஐ.சி. படத்துக்கு நிற்பது போல விறைப்பாக நின்றார்.

"புடி."

நான் விழித்தேன்.

"என்னா பாக்குற? ஆறு வருசம் அலங்கோலமா போச்சு. ஒண்ணாவது அழகா போவட்டும் லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. அத்தை சிரிக்கவில்லை. அவர் பல்பை எண்ணிக்கொண்டு வரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அதெல்லாம் பொய் அத்தே, ஒரு வருஷமும் போகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதில் கேமராவைத் தூக்கிப் படம் பிடித்தேன். அழுத்தும்போது கேமரா அசைந்துவிட்டதால் அந்தப் படம் கொஞ்சம் கலங்கியிருக்கும். ஆல்பத்தில் அடுத்த பக்கத்தில் அதை மட்டும் தனியாக ஒட்டியிருக்கிறேன்.

அத்தை இன்றும் திடமாக இருக்கிறார். இப்போதும் கேமராவைக் கண்டால், "ஒனக்குக் குடுத்தது போதும், போ" என்று முகத்தை மறைத்துக்கொள்கிறார். நானும் கட்டாயப்படுத்துவதில்லை.

ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஆறு படங்களில்தான் கண் நிற்கிறது. முதல் படத்தில் உயர்ந்திருப்பது, பழக்கத்தில் முகத்தை மறைக்கப் போன அத்தையின் கை. மற்ற ஐந்திலும் அந்தக் கை முகத்துக்குப் போகவே இல்லை. தெரியும் படங்களிலெல்லாம் எனக்கு வழி தேடி இருட்டுக்குள் முன்னால் நீண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை அழுத்தியபோதும் எனக்கு அது பல்பின் வெளிச்சம். அவருக்கு அது தன் ஆயுசு. கடலும் ஏரியும் மலையும் பார்த்து வந்தவள்தான் நான். ஆனாலும் நீ பார்த்ததிலேயே பெரிய காட்சி எது என்று யாராவது கேட்டால், அந்தப் பக்கத்தைத் திறந்து, நீண்டிருக்கும் அந்தக் கையைத்தான் காட்டுவேன்.