இன்னும் ஒரு கால் சுற்று

போலந்தில் நான் தங்கியிருக்கும் அறையில் சன்னலுக்குக் கீழே சீப்பு மாதிரி ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. கலோரிஃபெர் என்கிறார்கள். குளிர்காலம் முழுக்க அதற்குள் சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும். வந்த முதல் வாரம் அந்தக் களக் களக் சத்தத்தைக் கேட்டு, எங்கேயோ ஒழுகுது, கீழ் வீட்டில் சொட்டப் போகுது, என்னை வெளியே அனுப்பிடுவாங்க என்று பயந்து அதன் அடியில் துண்டு விரித்து வைத்தேன். வீட்டுக்கார அம்மா வந்து பார்த்தார். தண்ணீர், சத்தம் என்று கையால் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனவர் ஒரு கம்பளியும் இரண்டு ஜோடி காலுறையும் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குக் குளிருது என்று நினைத்துவிட்டார் போல. வாங்கிக்கொண்டேன். மனுஷனைச் சூடாக்க இங்கே தண்ணீர் ஓடுகிறது. ஆம்பூரில் ஒரு கம்ப்யூட்டரைக் குளிரவைக்கத் தண்ணீர் ஓட்டியவன் நான்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற கட்டிங் செக்ஷன். என் மனைவி ஜென்சி ஷூ டிசைன் படித்தவள். வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஷூ வரைந்து கொடுப்பாள். வரைந்த ஷூவை நிஜம் போலத் திரையில் திருப்பிக் காட்டுவது உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் கார்டு. அந்த வருஷம் மே மாதம் கார்டின் விசிறி நின்றுபோனது. பழைய கார்டு, அதற்கான விசிறி எங்கேயும் கிடைக்கவில்லை. அவளோ அப்போதுதான் முதல் தடவையாகச் சொந்தமாக ஒன்று வரைந்துகொண்டிருந்தாள். அவள் அக்கா வேலூரில் நர்ஸ். நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருவாள். அவளை மாதிரி நிற்கிறவர்களுக்கு ஒரு ஷூ. ஷூவை மொத்தமாக வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒருத்தர் திங்கட்கிழமை வந்து பார்ப்பதாக இருந்தது. பிடித்துவிட்டால் அவள் பேரிலேயே வேலை.

வேலூரில் பழைய சாமான் கடையில் ஒரு வாட்டர் பிளாக் வாங்கினேன். தண்ணீர் உள்ளே போய் வெளியே வர இரண்டு குழாய் வைத்த செம்புக் கட்டி. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் மேல் உட்கார வைக்கச் செய்தது. கார்டில் உட்காராது, ஓட்டைகள் வேறு வேறு இடத்தில் இருக்கும். தோல் வெட்டும் இரும்பு அச்சு, கட்டிங் டை, செய்கிற பஷீர் பாயிடம் இரும்புப் பட்டையில் கார்டின் அளவுக்கு நாலு ஓட்டை போட்டு வாங்கி, அதை வைத்து இறுக்கினேன். திருகாணி கார்டில் பட்டு ஷார்ட் ஆகிவிடுமோ என்று பயம். அதற்கு பிளாஸ்டிக் வாஷர் போடணும். என் கைக்குத் தெரிந்தது தோல்தான். நாலு வட்டம் வெட்டி அடியில் கொடுத்தேன். பஷீர் பாய் வந்து பார்த்துச் சிரித்தார். “இன்னா தம்பி, கம்ப்யூட்டருக்கே ஷூ தச்சிட்ட! லேஸ் எங்கப்பா?”

ஒரு சின்ன பம்ப் தண்ணீரைச் சுற்றவிட, நன்றாகவே ஓடியது. சூடு பாதியாகக் குறைந்தது. ஆனால் தோல் சூட்டில் அமுங்கும். அமுங்கினால் திருகாணி தளரும், சூடு இரண்டு டிகிரி ஏறும். நான் கால் சுற்று இறுக்குவேன். மறுநாள் மறுபடி ஏறும். மறுபடி கால் சுற்று. சமையல் கேஸை மூணு தடவை மூடிப் பார்க்கிற ஆள் நான். வெளியே போனால் பூட்டை இழுத்துப் பார்க்க அவளையும் பாதி வழியில் திருப்பிக் கூட்டி வருவேன். “இன்னாங்க, நல்லாத்தான் ஓடுது. போதும் உடுங்க” என்பாள். விட முடியாது என்னால்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போனாள். தலைவலி என்று நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஒரு டிகிரி ஏறியிருந்தது. ஒரே ஒரு டிகிரி. பிராசஸருக்கு மேலே இரும்பு மூடி இருக்கும், அழுத்தினாலும் தாங்கும். கார்டின் சிப்புக்கு மூடி கிடையாது. கண்ணாடித் துண்டு மாதிரி திறந்து கிடக்கும். கால் சுற்று இறுக்கினேன். நகம் உடைகிற அளவுக்குத்தான் சத்தம் கேட்டது. திரை கறுத்துப்போனது.

அவள் கையில் பைபிளோடு வந்து நின்றாள். “நான் போறப்ப நல்லாத்தான இருந்துச்சு?”

“தானா போய்டுச்சு ஜென்சி. வெயில் ஜாஸ்தி.”

இன்னும் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் பம்பை அணைத்துவிட்டு சமையலறைக்குப் போனாள். திங்கட்கிழமை பென்சிலில் வரைந்த தாள்களை எடுத்துப் போனாள். பையர் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்புறம் சொல்கிறேன் என்றாராம். சொல்லவே இல்லை. அடுத்த மாதம் ஒரு கம்பெனியில் சேர்ந்து, ஊரான் வரைந்த ஷூவுக்கு அளவு மாற்றிக் கொடுக்கிற வேலைக்குப் போனாள். நான் இங்கே வந்தேன். தினமும் அஞ்சு தடவை போன் செய்வேன். சாப்பிட்டியா, கேஸ் மூடினியா, பூட்டு இழுத்துப் பார்த்தியா. ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பண்ணுங்க என்றாள்.

பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் போடுகிற இடத்தில் எனக்கு வேலை. அவளை இங்கே அழைத்துக்கொள்ள விசா பேப்பர் எல்லாம் கிடைத்ததும், அங்கே கேட்டு வாங்கிய கார்டிலும் வாட்டர் பிளாக்கிலும் அவளுக்கு ஒரு மிஷின் செய்தேன். புதிதாகவே வாங்கியிருக்கலாம். ஆனால் அன்றைக்குக் கெடுத்ததை அதே மாதிரி செய்து சரியாக்கிக் காட்டணும் என்று இருந்தது. கூட வேலை செய்கிற மாரெக் உதவிக்கு வந்தான். யாருக்கு என்றான். மனைவிக்கு என்றேன். “ஓ, உன் மனைவி கேம் ஆடுவாளா!” என்று ரொம்ப சந்தோஷப்பட்டான். ஷூ என்று விளக்கினேன். ஷூ விளையாட்டு என்று புரிந்துகொண்டான். தோலுக்குப் பதிலாக அவன் ஸ்பிரிங் போடச் சொன்னான். ஸ்பிரிங் பாதி அமுங்கியதும் நான் இன்னும் ஒரு கால் சுற்றுக்குக் கையை வளைத்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். “விஸ்டார்ச்சி.” போதும்.

போன ஞாயிறு காலையில் அவளிடம் மிஷினைக் காட்டினேன். போனில் அவள் அதை உற்றுப் பார்த்தாள்.

“நான் வரலீங்க.”

“ஏன், இன்னா ஆச்சு?”

“ஒன்னும் ஆவல. இங்க நான் நிம்மதியா தூங்கறேன்.”

“அன்னிக்கு நான்தான் திருகினேன்” என்றேன்.

“தெரியும். ஸ்க்ரூ டிரைவர் உங்க கையிலதான இருந்துச்சு. நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க ஊர விட்டுப் போற வரைக்கும் பாத்தேன்.”

சாப்பிட்டியா என்று கேட்க வாய் திறந்தேன், கேட்கவில்லை. அவளே, உடம்பப் பாத்துக்கோங்க என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நாலு திருகாணியும் விட்ட இடத்தில் நின்றன. நாற்காலியை சன்னலோரம் இழுத்துப் போட்டு கலோரிஃபெருக்கும் மிஷினுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். வலது கையை கலோரிஃபெர் மேல் வைத்தேன், சுட்டது. இடது கையைக் கார்டுக்குப் போகிற குழாய் மேல் வைத்தேன். வேலை செய்ய ஆள் இல்லாததால் தண்ணீர் சில்லென்று சும்மா சுற்றி வந்தது. எந்தக் கையை எடுப்பது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.